இயற்கை முறை ஸ்ட்ராபெர்ரி: பத்து விழுக்காட்டின் கணக்கு

இயற்கை முறையில் விளைந்த பழங்களில் உடலுக்கு நலந்தரும் தாவரச் சேர்மங்கள் மிகுதி என்று விளம்பரங்கள் கூறுகின்றன. இதற்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வுகளுள் ஒன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஜான் ரெகனால்டும் அவர் குழுவினரும் 2010-இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியிட்டதாகும். அதனைச் சற்றே எடைபோட்டுப் பார்ப்போம்.

கலிஃபோர்னியாவில் இயற்கை முறை வயல்கள் 13. அவற்றுடன் ஒப்பிட, செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் இட்ட வயல்கள் 13. இருவகை வயல்களிலும் ஒரே ரகங்கள். ஆய்வு இரண்டு ஆண்டுகள் நடந்தது. இந்த ஒழுங்கு பாராட்டத்தக்கது. ரகமும் மண்ணும் வேறுபட்டால், சாகுபடி முறையின் விளைவை எவ்வாறு பிரித்தறிவது?

இயற்கை முறைப் பழங்களில் ஃபீனால் சேர்மங்கள் 10.5 விழுக்காடும், வைட்டமின் சி 9.7 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. பாஸ்பரசும் பொட்டாசியமும் குறைந்திருந்தன. விளம்பரங்கள் முன்னதை உரக்கச் சொல்லிப் பின்னதை விட்டுவிடுகின்றன.

இங்கே நீங்களே ஒரு கணக்குப் போடலாம். அதே பழங்களில் நீர் நீங்கலான உலர்பொருளும் ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதல். உப்புக் கரைசலில் நீர் வற்றினால் உப்புப் பெருகுவதில்லை, செறிவுதான் கூடுகிறது. 1.105-ஐ 1.08-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.02 வரும். எனவே, வேறுபாட்டின் பெரும்பகுதி நீர் குறைந்ததால் வந்திருக்கக்கூடும். பூச்சிகளையும் பூஞ்சைகளையும் எதிர்க்கவே செடி இச்சேர்மங்களை மிகுதியாக ஆக்கியது என்ற விளக்கம் பொருத்தமாகத் தோன்றினாலும், இந்த எண்கள் மட்டும் அதனை மெய்ப்பிக்கமாட்டா.

பழத்தில் இருப்பதெல்லாம் உடலில் வேலை செய்யும் என்பதும் இல்லை. சோதனைக்குழாயில் அளந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனுக்கும் மனித உடல்நலத்துக்கும் நேர்த்தொடர்பு காணப்படவில்லை என்று கூறி, அமெரிக்க வேளாண்மைத் துறை தன் அட்டவணையை 2012-இல் விலக்கிக்கொண்டது.

அப்படியாயின் இவ்வாய்வு வீணா? இல்லை. இயற்கை முறை வயல்களின் மண்ணில் கரிமமும் நைட்ரஜனும் மிகுந்திருந்தன, நுண்ணுயிர்களும் செழித்திருந்தன. ஆய்வின் வலுவான பகுதி இதுவே. கூடுதல் விலை கொடுக்க நினைப்பவர் மண்ணின் நலம் கருதிக் கொடுக்கலாம். அந்தப் பத்து விழுக்காடு மட்டுமே வேண்டுமெனில், பத்துப் பழம் உண்பவர் பதினோராவது பழத்தையும் உண்டால் போதும்.