இராவணன் வரவு

மட்டக்களப்பு மௌனகுருவின் 'இராவணேசன்' கூத்து பற்றி ஈப்போவில் நாங்கள் நாலு பேர் கூடிப் பேசினால், மூன்று பேர் கதையைப் பேசுவார்கள். தோற்கப்போவது தெரிந்தும் களம் புகும் இராவணன், மண்டோதரியின் துயரம், கம்பனிடம் கடன் வாங்கியது எவ்வளவு, மௌனகுரு தாமே கட்டியது எவ்வளவு என்றெல்லாம். நான் வரவைப் பற்றி, அதாவது இராவணன் ஆடிக்கொண்டே நுழைவதைப் பற்றி, மட்டும் பேசுவேன். அலுத்துப்போய் எழுந்து போனவர்களும் உண்டு.

இராவணன் களரிக்குள் நுழைகிறான். பாட்டு இன்னும் எடுக்கவில்லை. கூத்தாசிரியரான அண்ணாவியாரின் மத்தளம் ஒரு தாளக்கட்டைச் சொல்கிறது, கால் அதை வாங்கித் திருப்பிச் சொல்கிறது. அந்தச் சில நிமிடந்தான் என் நாடகம். வடமோடிக் கூத்தின் அரசன் நெஞ்சை நிமிர்த்தித்தான் வருவான், அதில் புதுமை இல்லை. ஆனால் சுற்றி வந்து திரும்பும் இடத்தில் பாதத்தை எப்படி வைக்கிறான் என்பதில் ஆள் தெரிந்துவிடும். தரையை மிதிக்கிறவன் வேறு, தரைக்குக் கட்டளை இடுகிறவன் வேறு. இராவணன் இரண்டாவது வகை. கடைசித் தீர்மானத்தில் கால் ஓங்கி விழுந்து, உடம்பு ஒரு கணம் அசையாமல் நிற்கும்போது, இவன் எதனால் கெடப்போகிறான் என்பதும் புரிந்துவிடுகிறது. இதற்குப் பிறகு வசனம் வந்தால் வரட்டும், வராவிட்டால் எனக்குக் குறை இல்லை.

1960களின் நடுவில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் இதை முதலில் ஆடியபோது எழுதியவரும் மௌனகுரு, இராவணனாக ஆடியவரும் மௌனகுரு, மேடையேற்றியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1962இல் 'கர்ணன் போர்' போட்டபோது கர்ணனும் இவரே. அந்த நாளில் நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஆகவே நான் பார்த்த இராவணர்கள் எல்லோரும் அவர் பழக்கிய மாணவர்கள், அதுவும் ஒளிப்பதிவில். இதை ஒரு நட்டமாகவே நான் நினைப்பதில்லை. பெரிய நடிகர் ஆடினால் நடிகரைத்தான் பார்ப்போம். கல்லூரி மாணவன் ஒருவன் அந்த வரவைச் சரியாக ஆடிவிட்டால், அவன் காலுக்குள் ஆசிரியர் தெரிவார்.

வித்தியானந்தன் செய்ததைப் பலரும் 'கூத்தைச் சுருக்கினார்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பாராட்டுவோரும் அப்படி, ஏசுவோரும் அப்படி. அவருக்கு முன் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை எழுதியவை யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழில் நடக்கும் வீட்டு நாடகங்கள், பிறகு 'சங்கிலி' போன்ற சரித்திர நாடகம். (எங்கள் தோட்டத்துக் கிராணி யாழ்ப்பாணத்தார். 'சங்கிலி'யை நான் படித்தது அவர் வீட்டு அலமாரியிலிருந்துதான்.) 1956இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 'மனமே' போட்டுச் சிங்கள அரங்கையே புரட்டிப்போட்டார். அந்த நாடகத்தின் அடிவேர் 'நாடகம' என்ற சிங்கள ஆட்ட மரபு, அதற்கும் அடியில் நம் கூத்து. பக்கத்து அறைக்காரர் நம் வீட்டுச் சொத்தை எடுத்து உலகத்துக்குக் காட்டிவிட்டபின் தமிழ்த்துறை சும்மா இருக்க முடியுமா? வித்தியானந்தன் கூத்தைத் தேடி மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் போனார். 'அலங்கார ரூபன்' ஏட்டை 1962இல் அச்சேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைக் கொண்டுவந்து பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க வைத்தார். பேராசிரியர்கள் வெள்ளைக்காரன் உடையில் உலவிய வளாகத்தில் ஓர் அண்ணாவியார் ஆசிரியர்! 'நொண்டி நாடகம்' 1963, 'வாலி வதை' 1968 என்று அது தொடர்ந்தது.

பொழுது சாய்ந்து தொடங்கி விடியும்வரை ஆடும் கூத்து, பேராதனையில் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. வெட்டினார்கள், உண்மை. எதை வெட்டினார்கள் என்பதல்லவா கேள்வி? திரும்பத் திரும்ப வரும் பாட்டுகள் போயின. கதைக்கு வெளியே அலையும் இடங்கள் போயின. சுற்றிலும் சனம் இருந்து பார்க்கும் வட்டக்களரி போய், ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடை வந்தது. அந்த இழப்பு பெரிது, நான் மறுக்கவில்லை. பெண் வேடத்தைப் பெண்களே ஏற்றார்கள், அது வரவு. ஆட்டத்தில் மட்டும் கை வைக்கவில்லை. வைத்த இடத்திலும் பாட்டின் பொருளுக்கு ஏற்றபடி அதைக் கூர்மையாக்கத்தான் வைத்தார்கள். ஊரில் மூன்று மணிக்குக் கண் அயரும்போது இரண்டு சுற்று ஆடினாலும் ஒன்றுதான். இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் காரணம் வேண்டும். ஒரு நல்ல இயக்குநரை நான் மதிப்பது அவர் சேர்த்ததை வைத்து இல்லை.

எங்கள் தோட்டத்துக்கும் ஒரு வாத்தியார் இருந்தார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். மாரியம்மன் திருவிழாவுக்கு மாதக்கணக்கில் முன்பே, சாயங்காலம் பெரட்டுக் களத்தில் பையன்களை வரிசையாக நிறுத்திவிடுவார். 'அல்லி அர்ச்சுனா' அல்லது 'பவளக்கொடி'. மயான காண்டம் போட்டால் லயத்துப் பெண்கள் அழுது அடுத்த நாள் வேலைக்கு வரமாட்டார்கள் என்று பெரிய கங்காணி தடுத்துவிடுவாராம். வாத்தியார் யாருக்கும் முதலில் பாட்டுச் சொல்லித் தரமாட்டார். கவிழ்த்த பால் வாளியில் குச்சியால் தட்டுவார், நாம் மிதிக்க வேண்டும். மிதி சரியாக விழுகிறவரை வேடம் இன்னதென்றே சொல்லமாட்டார். பிறகு ஒரு நாள் திடீரென்று, "நீதாண்டா கிருஷ்ணன்" என்பார். மட்டக்களப்பில் சட்டங் கொடுத்தல், சலங்கை கட்டுதல், அடுக்குப் பார்த்தல் என்று ஒவ்வொரு படிக்கும் பெயரும் சடங்கும் உண்டு என்று பின்னால் மௌனகுருவின் ஆய்வில் படித்தபோது, எங்கள் வாத்தியாரிடம் பெயர் இல்லாமலே அத்தனையும் இருந்ததை உணர்ந்தேன். அவர் ஆடியது தென்மோடியா வடமோடியா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. தமிழகத்துத் தெருக்கூத்தும் ஸ்பெஷல் நாடகமும் கப்பலில் வந்து, ரப்பர் காட்டில் கலந்து ஆகிய ஒன்று அது.

தோட்டம் துண்டாடப்பட்டது. மிச்சத்தில் செம்பனை வந்தது. லயத்துச் சனங்கள் ஈப்போ, புந்தோங், சிம்மோர் என்று சிதறி, அடுக்குமாடிக்குப் போனார்கள். வாத்தியாரை எந்தக் கல்லூரியும் தேடி வரவில்லை. நானும் பின்னாளில் ஒரு கல்லூரியில் மாணவர்களை வைத்துப் பல ஆண்டு நாடகம் போட்டவன்தான். கூத்து தெரிந்த ஒருவரைப் பகுதிநேரமாக அழைத்துவரலாமா என்று கேட்டபோது, அவருக்கு என்ன சான்றிதழ் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள்.

மரபுக் கலைஞரைக் கல்லூரிக்குள் கொண்டுவரும் வேலையைப் பேராக்காரர் யாரும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. பாரிட் புந்தாரில் 1939இல் பிறந்த குலாம் சர்வர் யூசோப் செய்தார். பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நாடகத்தைப் பாடமாக்கியவர். அவர் இருந்த காலத்தில் அங்கே வாயாங் கூலிட் நிழற்கூத்துச் சொல்லித் தந்தவர் ஹம்சா அவாங் அமாட், கிளந்தானின் பெரிய டாலாங் (பாவையாட்டி). குலாம் சர்வர், மாக் யோங் என்ற கிளந்தான் ஆடல் நாடகம் பற்றி ஹவாயில் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்தார். 1991இல் கிளந்தான் அரசு மாக் யோங்குக்குத் தடை போட்டது. 2005இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் அரும்பெரும் மரபாக அறிவித்தது, அதற்கான ஆவணத்திலும் இவருடைய உழைப்பு இருந்தது. சொந்த மாநிலத்திலேயே துரத்தப்பட்ட கலைக்குப் பல்கலைக்கழகம் ஒதுங்க இடம் தந்தது. பொறாமையாகத்தான் இருக்கிறது. நம் கூத்தை யாரும் தடைகூடச் செய்யவில்லை. இருப்பதாகத் தெரிந்தால்தானே தடை செய்வார்கள்!

கோலாலம்பூர் நண்பர் ஒருவர் இந்தப் பேச்சு வந்தாலே கிருஷன் ஜித்தை எடுத்து வைப்பார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர், 1984இல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டரைத் தொடங்கிய கூட்டத்தில் ஒருவர், 'ஊத்தி' என்ற பெயரில் ஆங்கில ஏட்டில் எழுதிய பத்தியால் ஒரு தலைமுறைக்கு நாடகம் பார்க்கக் கற்றுத் தந்தவர். கே. எஸ். மணியத்தின் தோட்டத்து நாடகத்தை மேடைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. இத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த நாடகங்களில் நடிகர்கள் அழகாகச் சிந்திக்கிறார்கள். அவர்கள் கால்கள் எங்கே இருந்தன என்று மறுநாள் காலையில் என்னால் சொல்ல முடிவதில்லை, அவ்வளவுதான்.

சென்னைப் பக்கத்தார் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைச் சொல்வார்கள். அதன் ந. முத்துசாமி தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் போய் நின்றது வணங்கத்தக்க காரியம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சே. இராமானுஜம் யூரிப்பிடீஸின் திராய் நகரத்துப் பெண்களுக்கு நம் ஒப்பாரியைக் கொடுத்து 'வெறியாட்டம்' செய்தார். எங்கள் லயத்துப் பாட்டிகள் கேட்டிருந்தால் கூடவே எடுத்துப் பாடியிருப்பார்கள். இருந்தும் எனக்கு மட்டக்களப்புத்தான். பட்டறையில் கூத்து நடிகனின் உடம்பைத் தயார் செய்யும் பயிற்சியாக நின்றுவிடுகிறது, பிறகு நாடகம் வேறு எங்கோ போகிறது. 'இராவணேசனில்' பயிற்சியே நாடகம்.

கடினமான மறுப்பு வருவது மௌனகுருவின் சொந்த மண்ணிலிருந்து. அவருக்குப் பின் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வந்த சி. ஜெயசங்கர், கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு எடுத்துப்போவதை விட்டு, சீலாமுனை போன்ற ஊரிலேயே, ஆடுகிற சனங்களோடு இருந்து மீளுருவாக்கம் செய்ய வேண்டும் என்றார். செய்தும் காட்டினார். படித்தவன் திருத்தித் தருவதற்குக் கூத்தர்கள் பிழை செய்தவர்களா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. நியாயமான கேள்வி. மட்டக்களப்பில் இருந்திருந்தால் நானும் அவர் பக்கம் சாய்ந்திருப்பேன். ஆனால் சீலாமுனைக்குச் சீலாமுனை இன்னும் இருக்கிறது. பேராக்கில் கூத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த ஊர் இருக்கிறது? பெரட்டுக் களத்தில் செம்பனை நிற்கிறது. தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் சில ஆண்டுகளாவது சேர்ந்திருக்கும் இடம் இன்று கல்லூரி ஒன்றுதான். மேடைக் கூத்து மெய்யான கூத்தா என்ற வாதம் எங்களுக்குக் கிடைக்காத ஆடம்பரம்.

அதனால்தான் வந்தாறுமூலை எனக்கு ஒரு பெரிய கதையாகத் தெரிகிறது. செல்லையா அண்ணாவியாரின் ஊர் அது. மௌனகுரு படித்த மத்திய மகா வித்தியாலயம் இருந்ததும் அங்கே. 1981இல் அந்தப் பள்ளி வளாகத்தில்தான் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பேராதனையில் படித்து, பள்ளிகளில் கற்பித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்துவிட்டு, போர் நடக்கும் காலத்தில் மௌனகுரு அதே மண்ணுக்கு நுண்கலைத் துறை ஆசிரியராகத் திரும்புகிறார். தாம் ஆட்டம் பார்த்து வளர்ந்த இடத்தில் நின்று, அண்ணாவியாரின் தாளக்கட்டைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவருகிறார். பட்டப்படிப்பு மாணவனுக்குத் தேர்வுத் தாளும் உண்டு, சலங்கையும் உண்டு. பிறகு தம் பழைய 'இராவணேசனை' மாணவர்களோடு மறுபடி எடுக்கிறார். இளைஞனாகத் தாம் ஆடிய வரவை இன்னோர் இளைஞனின் உடம்பில் ஏற்றுவது எப்பேர்ப்பட்ட வேலை! தன்னைப்போலவே ஆடவைக்கும் ஆசையை அடக்க வேண்டும். நான் பார்த்த இராவணர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. மிதி ஒன்று, ஆள் வேறு.

எங்கள் பக்கத்துக் கல்லூரி நாடக இரவுகளுக்கு இன்னமும் போகிறேன். பிள்ளைகளுக்குத் தமிழ் நன்றாக வருகிறது, எங்கள் காலத்தைவிட உச்சரிப்புச் சுத்தம். ஆனால் கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு மேடையின் நடுவில் வந்து நின்று, பேசி முடித்துப் போகிறார்கள். பின்னால் பெரிய திரையில் அரண்மனை அசைகிறது, நடிகர் அசைவதில்லை. இசை கணினியிலிருந்து வருகிறது, அதற்கு இவர்களுடைய கால் தெரியாது. பெற்றோர் குடிகாரராக இருக்கக்கூடாது, தாய்மொழிப் பள்ளியைக் காக்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாக நின்று சொல்கிறார்கள். நல்ல கருத்துகள். நடுவர்களும் கருத்துக்கு மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். ஆட்டத்துக்குக் கட்டம் இல்லை.

'இராவணேசன்' மேலும் எனக்குக் குறை உண்டு, இல்லாவிட்டால் இது ரசனை இல்லை, பக்தி. பிந்திய மேடையேற்றங்களில் மத்தளத்தோடு வேறு வாத்தியங்களும் சேர்ந்துகொள்ள, ஒளியும் தன் பங்குக்கு நிறம் மாற, காது கொஞ்சம் தடுமாறுகிறது. வரவு நேரத்தில் மட்டுமாவது மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, மத்தளத்தையும் சலங்கையையும் தனியே விட்டிருக்கலாம். இதைச் சொன்னால் ஈப்போ நண்பர்கள், "அவ்வளவு பெரிய அரங்கில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டாமா?" என்கிறார்கள். கடைசி வரிசைக்காரர் முன்னால் வந்து உட்காரட்டும்.