இல்லாத தீவும் இருக்கும் நிலமும்

கற்பனைத் தீவொன்றை ஆக்கி, அதற்கு வரலாறும் குடிகளும் அரசும் வகுத்து எழுதும் வழக்கம் உலக இலக்கியத்திலே மிகப் பழையது. இவ்வகை நூல்களைப் பொழுதுபோக்குக் கதைகளென ஒதுக்குவோர் உளர். வருங்காலச் சமுதாயத்தின் வரைபடங்களெனத் தலைமேற் கொள்வோரும் உளர். இரு சாராரும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகின்றனர். இத்தீவுகளை ஆக்கியோர் யாருடைய கண்கொண்டு அவற்றை நோக்கினர்? ஆள்வோர் கண்கொண்டா, ஆளப்படுவோர் கண்கொண்டா? வன்னி மண்ணிலிருந்து இலக்கியம் பயிலும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. மேனாட்டார் கனவு கண்ட தீவுகளுள் முதன்மையான ஒன்று நமது இலங்கையே.

கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி தமது ‘இயற்கை வரலாறு’ என்ற பெருநூலில் ‘தப்ரபேன்’ என்னும் பெயரால் இலங்கையை வருணிக்கிறார். கிளாடியசு மன்னன் காலத்தில் இத்தீவிலிருந்து உரோமுக்குச் சென்ற தூதுவர்கள் கூறியனவாக அவர் தரும் செய்திகள் வியப்புக்குரியவை. அங்கே அடிமைகள் இல்லை, வழக்குகள் இல்லை, தானிய விலை ஏறுவதில்லை. முதுமையும் கருணையும் உடைய, மக்கட்பேறற்ற ஒருவனையே குடிகள் அரசனாகத் தெரிவு செய்வர். அவனுக்குப் பிள்ளை பிறந்தால் அரச பதவி போய்விடும். ஆட்சி பரம்பரைச் சொத்தாகிவிடக் கூடாதல்லவா! அவனுக்குத் துணையாக முப்பதுபேர் கொண்ட அவையையும் மக்களே அமர்த்துவர்.

அநுராதபுரத்து அரசுரிமை குலவழியே சென்றதென்பதை நாம் அறிவோம். எனவே பிளினி காட்டும் நாடு இங்கிருந்த நாடன்று. அடிமைகளின் உழைப்பில் நிமிர்ந்து நின்ற, அரண்மனைச் சூழ்ச்சிகளால் அரசுரிமை கைமாறிய உரோமின் மனச்சான்று தனக்கென வரைந்துகொண்ட சித்திரம் அது. தன் நாட்டில் இல்லாததையெல்லாம் தொலைதூரத் தீவொன்றில் இருப்பதாகச் சொல்லுவது ஒருவகைக் கண்டனமே. அந்த அளவில் அதைப் பாராட்டலாம். ஆயின், அக்கண்டனத்தை எழுதும் பலகையாக மட்டுமே நமது நாடு பயன்பட்டது. இங்கே ஏர் பிடித்தவன் யார், குளம் வெட்டியவன் யார் என்பது பிளினியின் கவலையன்று.

பதினைந்து நூற்றாண்டுகளின்பின், 1516ஆம் ஆண்டில், ஆங்கிலேயராகிய தோமசு மோர் ‘யூத்தோப்பியா’ என்ற நூலை வெளியிட்டார். இவ்வகை இலக்கியத்துக்கே பெயர் தந்த நூல் இது. இதன் பெருமையை எவரும் மறுக்கவியலாது. ஆட்டு மயிருக்கு விலை ஏறியதும் விளைநிலங்களை மேய்ச்சல் வெளிகளாக வளைத்துக்கொண்டு குடியானவரைத் தெருவில் நிறுத்திய நிலப்பிரபுக்களையும், பசிக்குத் திருடியவனைத் தூக்கிலிட்ட சட்டத்தையும் நூலின் முதற்பகுதி கடுமையாகச் சாடுகிறது. இரண்டாம் பகுதியிலே தீவு காட்டப்படுகிறது. ஐம்பத்து நான்கு நகரங்கள், தனியுடைமை இல்லை, நாளொன்றுக்கு ஆறு மணி நேர உழைப்பு, பத்தாண்டுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு வீடு மாற்றம், பொன்னாலே மலசல பாத்திரங்கள்! பொன்னுக்குத் தரப்பட்ட இவ்விழிவைப் படித்து மகிழாத உழைப்பாளி உண்டா? 1918இல் மாஸ்கோவின் தூணொன்றிலே புரட்சிச் சிந்தனையாளர் பெயர்களைப் பொறித்தபோது மோரின் பெயரையும் பொறித்தமை பொருத்தமே. (2013இல் அப்பெயர்கள் அகற்றப்பட்டு, அரச குலத்தின் பழைய தூணாக அது மீண்டும் மாற்றப்பட்டது வேறு கதை.)

ஆயினும் நூலைக் கருத்தூன்றிப் படிக்கும் மாணவன் இரண்டு இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். ஒன்று, அத்தீவில் அடிமைகள் உளர், இழிதொழில்கள் அவர்களுக்குரியன, பொன் விலங்கு பூட்டப்படுவோர் அவர்களே. மற்றையது, நமக்கு மிக நெருங்கியது. தீவிலே மக்கட்டொகை பெருகினால், அருகிலுள்ள பெருநிலத்தில் ‘பயன்படுத்தப்படாத’ நிலத்தை எடுத்து அவர்கள் குடியேற்றம் அமைப்பர். அங்குள்ள பழங்குடிகள் புதிய சட்டத்துக்கு இணங்கினால் சேர்த்துக்கொள்வர், இணங்காவிடில் விரட்டுவர், எதிர்த்தால் போர் தொடுப்பர். நிலத்தைச் சும்மா வைத்திருப்பவன் அதைப் பிறருக்கு மறுப்பது போருக்கு மிக நியாயமான காரணமென்று அந்த இலட்சிய நாடு கருதுகிறது!

‘பயன்படுத்தப்படாத நிலம்’ என்ற சொல்லை நாம் எங்கோ கேட்டிருக்கிறோமே! பிரித்தானிய ஆட்சியாளர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், உரிமை நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியனவே எனக் கொண்டனர். சேனைக்காரன் ஓராண்டு விதைத்துப் பல்லாண்டு ஆறவிட்ட காடு சட்டத்தின் கண்ணுக்குத் தரிசாயிற்று. மேய்ச்சல் தரையும் தேனெடுக்கும் காடும் மரை மான் தேடும் வேட்டைக்காடும் அவ்வாறே ‘யாருக்கும் உரியனவல்ல’ என்றாயின. மோர் அச்சட்டத்தை எழுதினார் என்பது நமது வாதமன்று. தம் நாட்டுக் குடியானவனின் கண்ணீரைக் கண்ட அவருடைய மனிதாபிமானம் அடுத்த கரையிலிருந்த குடியானவனை எட்டவில்லை என்பதே நாம் சுட்டுவது. தம் நாட்டில் நிலத்தைப் பறித்தவனைக் கண்டித்த பேனா, பிறர் நாட்டில் நிலத்தைப் பறிப்பதற்கு நியாயம் வகுத்தது. குடியேற்ற நாட்டு வாசகன் இம்முரண்பாட்டைக் கண்டுகொள்ளாவிடில், நூல் அவனுக்கு உணவாவதற்குப் பதில் நஞ்சாகிவிடும்.

இத்தாலியரான கம்பனெல்லாவின் ‘சூரிய நகரம்’ இன்னும் நமக்கு அண்மையது. அந்த நகரம் தப்ரபேன் தீவிலேயே அமைக்கப்பட்டுள்ளது. தென் இத்தாலியில் இசுப்பானிய ஆட்சிக்கெதிராக 1599இல் நடந்த சதியில் பங்குகொண்டு, சித்திரவதைப்பட்டு, நெடுங்காலம் சிறையிற் கிடந்தவர் அவர். 1602இல் சிறையிலிருந்தே இந்நூலை எழுதினார். ஏழு வட்ட மதில்கள், அவற்றுக்கு ஏழு கோள்களின் பெயர்கள், மதில்களில் எல்லாக் கலைகளையும் கற்பிக்கும் ஓவியங்கள், நான்கு மணி நேர உழைப்பு, பொதுவுடைமை — இவையெல்லாம் உண்டு. கொடுங்கோலுக்குத் தப்பி இந்தியாவிலிருந்து வந்தோரே அந்நகரத்தார் எனவும் நூல் கூறுகிறது. ஆனால் யார் யாரைக் கூட வேண்டும் என்பதையும் அங்கே அதிகாரிகளே முடிவு செய்கின்றனர். எல்லாம் அறிந்தவன் ஒருவன். அவன் கீழ் மூவர். கேள்வி கேட்பதற்கு எவருமில்லை.

இந்நூல் 1623இல் அச்சேறியது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1619இல், போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியிருந்தனர். கற்பனைத் தப்ரபேனில் சூரிய நகரம் எழுந்த காலம், உண்மைத் தப்ரபேனில் கோயில்கள் இடிந்து கோட்டைகள் எழுந்த காலம். வன்னியின் பனங்காமமும் முள்ளியவளையும் கருநாவற்பற்றும் அந்நியருக்கு யானைத் திறை செலுத்தும் காலம் தொடங்கிவிட்டது.

மேனாட்டாரை மட்டும் குறைகூறி நாம் தப்பிக்கொள்ள முடியாது. நமது புலவர்களும் இத்தகைய நாடுகளை ஆக்கியவர்களே. வையாபாடலையும் கோணேசர் கல்வெட்டையும் படித்துப் பார்ப்போம். அரசனொருவன் வருகிறான், குடிகளைக் கொண்டுவருகிறான், இன்ன குடிக்கு இன்ன ஊர், இன்ன தொழில் என வகுக்கிறான். வரலாறு என்பது அரசன் இட்ட கட்டளை; மக்கள் என்போர் அக்கட்டளையின் பட்டியல்! சாதிப் பிரிவும் ஊழியமும் நிலமும் இவ்வாறு ஆதியிலேயே தீர்ந்துவிட்டன என்று சொன்னால், பின்வரும் எவனும் அதைக் கேட்க முடியாதல்லவா? வரலாற்றாசிரியருக்கு இந்நூல்கள் பயனுள்ள மூலங்கள்தாம். ஆயின் இவற்றைப் பெருமைக்குரிய பழைய பட்டயங்களாக மட்டும் வகுப்பறையில் ஓதுவது, மேலோர் கண்ட கனவை எளியோர் தலையில் ஏற்றுவதாகும். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனைப் போற்றும்போதும், அவனோடு நின்று வெள்ளையனை எதிர்த்த பெயரறியாக் குடிகளை நாம் தேடவேண்டும்.

இவற்றிலிருந்து வேறுபட்டு நிற்பது மணிமேகலையில் வரும் மணிபல்லவம். அத்தீவுக்கு அரசன் இல்லை; மதில் இல்லை; வகுத்தளிக்கப்பட்ட குடிகளும் இல்லை. அங்கிருந்து ஒரு பொருளே வெளியுலகுக்கு வருகிறது: பசி தீர்க்கும் பாத்திரம். அதை ஏந்திய பெண் சிறைக்கோட்டத்துக்குட் புகுந்து கைதிகளின் பசியாற்றுகிறாள். பின்னர் அச்சிறை அறக்கோட்டமாகிறது. சாத்தனாரின் சமயக் கொள்கை எதுவாயினும் ஆகுக. கற்பனைத் தீவைப் புறநாட்டின்மேற் படரும் குடியேற்றமாக்காமல், பசித்தோர்க்கு ஈயும் கையாக்கியது அவருடைய தனிச்சிறப்பு. எனினும், அட்சய பாத்திரம் அள்ள அள்ளக் குறைவதில்லை. எனவே உழைப்பும் பங்கீடும் அங்கே பிரச்சினையாவதில்லை. உண்மை உலகில் குளத்து நீர் குறையும்.

குளமென்றதும் நாம் கற்பனையிலிருந்து நிலத்துக்கு வருகிறோம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு — இக்குளங்களின் கீழ் போகந்தோறும் கமக்காரர் கூடி, விதைப்பு நாளையும் நீர் திறக்கும் நாளையும் முடிவு செய்யும் வழக்கம் உண்டு. சிறுபோகத்தில் நீர் போதாதபோது, நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் விதைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் முறையும் உண்டு. ஞானி ஒருவர் சிறையிலிருந்து வகுத்த திட்டமன்று இது. பஞ்சத்தினின்றும் சண்டையினின்றும் மக்கள் தாமே கற்றுக்கொண்டது. ஆயின் இதையும் நாம் பொன்மூலாம் பூசிக் காட்டலாகாது. அந்தக் கூட்டத்தில் குரல் காணியுடையவனுக்கே. 1977 வன்செயலின்பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு வயலும் இல்லை, வாய்க்கால் நீரும் இல்லை. கூலி மட்டுமே உண்டு. அவர்கள் அக்கூட்டத்தில் எழுந்து பேசும் நாளைக் கற்பனை செய்பவனே நமது காலத்தின் தீவு நூலை எழுதத் தகுதியுடையவன்.

மேலிருந்து வகுத்த ஒழுங்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வன்னி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2009இல் போரின் முடிவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பி வேலிகளுக்குள் வைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியது வவுனியாவின் மெனிக்பாம் முகாம். அதன் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் எனத் தமிழ்ப் பெரியோர் பெயர்கள் சூட்டப்பட்டன. வரிசை வரிசையாகக் கூடாரம், அளந்து தரும் உணவு, எண்ணிட்ட குடும்பம் — வரைபடத்தில் எத்தனை ஒழுங்கு! வெளியேறும் வாயில் மட்டும் உள்ளிருப்போர் கையில் இல்லை. 2012இல் அம்முகாம் மூடப்பட்டது. அங்கிருந்து வெளிவந்தோர் அனைவருக்கும் தம் காணி திரும்பக் கிட்டவில்லை. 2017இல் கேப்பாபிலவுப் பெண்கள் படைமுகாம் வாயிலில் அமர்ந்து கேட்டது சூரிய நகரத்தையன்று. தாம் நட்ட தென்னை நிற்கும் சொந்த வளவை.

ஆகவே, கனவு காண்பதே தவறென்று முடிவு கட்டலாமா? கூடாது. கனவில்லாத இலக்கியம் இருப்பதை இருந்தபடியே விட்டுவைக்கும் கணக்கேடாகும். மோரையும் கம்பனெல்லாவையும் நமது மாணவர் படிக்கத்தான் வேண்டும். படிக்கும்போது, எந்த இலட்சிய நாட்டின்முன்னும் மூன்று வினாக்களை வைக்கட்டும். இங்கே யார் உழைக்கிறார்? இந்நிலம் இதற்கு முன்னர் யாருடையதாக இருந்தது? உள்ளே இருப்பவன் எழுந்து ‘இது எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை தரும் நூல் நமது மொழியில் இனித்தான் எழுதப்பட வேண்டும். அதை எழுதப் போகிறவர் முதலில் குளக்கட்டில் நின்று, வாய்க்காலின் கடைமடை வரையில் நீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து வரட்டும்.