உயிரின் விலையும் நீதியின் அளவுகோலும்

வன்செயலுக்குப் பலியானோருக்கு அரசு நட்டஈடு வழங்க வேண்டும் என்னும் கருத்து, 1963இல் நியூசிலாந்து அதற்கெனச் சட்டமியற்றியதைத் தொடர்ந்து பல நாடுகளிலும் வேரூன்றியுள்ளது. எனினும், அந்நட்டஈட்டை எவ்வளவுகோல் கொண்டு நிர்ணயிப்பது என்னும் வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. கெனத் பைன்பேர்க் 2005இல் வெளியிட்ட ‘உயிரின் மதிப்பு யாது?’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல் இவ்வினாவையே மையமாகக் கொண்டது.

2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களின் பின்னர் அமெரிக்க அரசு நிறுவிய நட்டஈட்டு நிதியத்தை நிர்வகித்தவர் பைன்பேர்க். இறந்த ஒவ்வொருவர் சார்பிலும் 250,000 டொலரும், வாழ்க்கைத் துணைக்கும் தங்கிவாழ்வோர் ஒவ்வொருவருக்கும் 100,000 டொலரும் துயரத்துக்கான ஈடாக வகுக்கப்பட்டன. இவற்றில் ஏற்றத்தாழ்வு இருக்கவில்லை. ஆனால் இறந்தவர் ஈட்டியிருக்கக்கூடிய வருமானத்தையும் கணக்கிடுமாறு சட்டம் பணித்தமையால், ஒரே கொடுமைக்கு இரையானோருள் ஒருவரின் குடும்பம் 250,000 டொலரையும், இன்னொருவரின் குடும்பம் 70 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையையும் பெற்றன. வாழ்விலிருந்த ஏற்றத்தாழ்வைச் சாவின் பின்னரும் அரசே உறுதிசெய்தது எனலாம்.

இக்குறையை அளவுகோலைக் கையாண்டவரே ஒப்புக்கொள்வது நூலின் சிறப்பாகும். எல்லோருக்கும் சமமான தொகையே வழங்கப்பட வேண்டும் என்னும் முடிவுக்குப் பைன்பேர்க் வருகிறார். 2007இல் வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட 32 பேரின் குடும்பங்களுக்கான நன்கொடை நிதியைப் பகிர்ந்தபோது அவர் இம்முடிவையே பின்பற்றினார்.

ஆயினும் தொகை சமமாகிவிட்டால் நீதி நிறைவேறிவிடுமா? விமான நிறுவனங்களை வழக்குகளிலிருந்து காக்கும் பொருட்டு இயற்றப்பட்ட சட்டத்திலேயே இந்நிதியம் பிறந்தது. நட்டஈட்டை ஏற்றோர் அந்நிறுவனங்கள்மீது வழக்குத் தொடரும் உரிமையைத் துறக்க வேண்டியிருந்தது. இறந்தோரின் குடும்பங்களுள் 97 வீதமானவை இதற்கு இணங்கின. இது நிதியத்தின் வெற்றிக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு. உழைப்பவரை இழந்து, நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வசதியற்ற குடும்பத்தின் இணக்கம் எத்துணைச் சுதந்திரமானது என்பதை அந்த வீதக்கணக்கு உணர்த்துவதில்லை.

பாதுகாப்பிற் தவறு நேர்ந்ததா, அதற்குப் பொறுப்பாளி யார் என்று கேட்பது பாதிக்கப்பட்டோரின் உரிமை. அவ்வுரிமையை விலையாகப் பெற்றுக்கொண்டு வழங்கப்படும் ஈடு, எத்துணைச் சமமாகப் பங்கிடப்பட்டாலும், கடனைத் தீர்த்ததாகாது. வருமான அளவுகோலைத் துணிவுடன் விசாரிக்கும் இந்நூல், இந்த நிபந்தனையையும் அதே துணிவுடன் விசாரித்திருப்பின் அதன் பயன் மேலும் பெருகியிருக்கும்.