ஒன்றான ஊரும் இரண்டான ஊரும்: ‘விஸ்கி கலோர்’, ‘மண்டேலா’ – ஓர் ஒப்பீடு

அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக் இயக்கிய ‘விஸ்கி கலோர்’ (1949) ஸ்காட்லாந்தின் பாரா தீவில் படமாக்கப்பட்டது. 1941இல் எரிஸ்கே தீவருகே விஸ்கிப் பெட்டிகளுடன் தரைதட்டிய ‘எஸ்.எஸ். பொலிட்டீசியன்’ கப்பலின் கதையே காம்ப்டன் மெக்கன்சியின் நாவலுக்கும் அதன்வழி இப்படத்திற்கும் அடிப்படை. டாடே என்னும் கற்பனைத் தீவின் மக்கள் சரக்கை இரவோடிரவாக இறக்கி ஒளிக்கின்றனர். சட்டங்காக்க முனையும் ஆங்கிலேயரான வாகெட் நகைப்பிற்கிடமாகிறார். படத்தின் மிகச் சிறந்த பகுதி கடத்தலுக்கு முந்தைய காத்திருப்பே. ஓய்வுநாள் பிறந்துவிட்டதால், கண்ணெதிரே கப்பல் கிடக்கவும் தீவு முழுவதும் கைகட்டி நிற்கிறது. எல்லாருக்கும் ஒரே தாகம், ஒரே கட்டுப்பாடு. ஊர் ஒன்றாயிருப்பதால்தான் அரசை எள்ளி நகையாட அதற்கு இயல்கிறது.

இவ்வடிவம் தமிழ்ச் சிற்றூருக்குப் பொருந்துமா என்னும் வினாவிற்கு மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ (2021) விடையளிக்கிறது. சூரங்குடி வடக்கூர், தெற்கூர் எனப் பிளவுண்டது. அங்குக் கட்டிய கழிப்பறையே யாருக்கு என்னும் சண்டையில் பாழாகிறது. ஊராட்சித் தேர்தலில் இரு தரப்பின் வாக்குகளும் சமமாகிவிட, எத்தரப்பிலும் சேராத முடிதிருத்தும் தொழிலாளியின் ஒற்றை வாக்கு முடிவை நிர்ணயிக்கிறது. அவனுக்கு ஊர் இட்டிருந்தவை ஏளனப் பெயர்களே. ‘நெல்சன் மண்டேலா’ என்னும் பெயர் அஞ்சலக ஊழியரான தேன்மொழி வழியாகவே வருகிறது. டாடேயில் அரசு ஏமாற்றப்பட வேண்டிய அயலான். சூரங்குடியிலோ ஊர் மறுத்த மனிதத் தகுதியை வழங்குவது அரசின் அடையாள அட்டை. தீவில் ஊரார் சேர்ந்து ஒருவரைப் பார்த்துச் சிரிக்கின்றனர். இங்கு ஊரார் இதுகாறும் சிரித்துவந்த ஒருவனின் இடத்திலிருந்து பார்வையாளர் ஊரைப் பார்த்துச் சிரிக்கின்றனர். தமிழக சட்டமன்றத் தேர்தலுக்கு இரு நாள் முன்னர், 2021 ஏப்ரல் 4 அன்று, இப்படம் தொலைக்காட்சியில் வெளியானமை அச்சிரிப்பிற்குக் கூர்மை சேர்த்தது.

எனினும் படத்தின் துணிவிற்கு எல்லையுண்டு. திசைப்பெயர்களால் சாதிகளைக் குறிக்கும் உத்தி தணிக்கையையும் பகையையும் தவிர்க்க உதவலாம். ஆனால் இரு தரப்பையும் ஒரே எடையில் நிறுத்தி, அவற்றிடையேயான ஏற்றத்தாழ்வை அது மறைத்துவிடுகிறது. முடிவு இன்னும் பலவீனமானது. தன் வாக்கின் விலையாகச் சாலையும் பள்ளியும் கேட்கும் மண்டேலாவின் பக்கம் ஊரார் திரள்கின்றனர். இரண்டு மணிநேரம் இயலாதெனக் காட்டப்பட்ட ஒற்றுமை சில காட்சிகளில் கைகூடிவிடுகிறது. டாடேயின் ஒற்றுமையைத் திருச்சபையும் கடலும் தலைமுறைகளாக உருவாக்கியிருந்தன. சூரங்குடியில் அவ்வேலையை ஒரு தேர்தல் வாரத்திற்குள் முடிக்கும் பொறுப்பு, ஊரிலேயே மிக எளியவன் தலைமேல் விழுகிறது.