அசுரர், அவுணர்: பெயரும் இனமும்

இந்தியப் புராண மரபில் தேவர்க்குப் பகைவராகக் காட்டப்பெறுவோர் அசுரர். தமிழில் இவர் அவுணர் எனவும் வழங்கப்பெறுவர். அசுரர் என்போர் வரலாற்றில் வாழ்ந்து வீழ்த்தப்பட்ட ஓர் இனத்தாரே, அவரே திராவிடர் என வாதிடும் போக்கு இருபதாம் நூற்றாண்டுத் திறனாய்வில் வலுப்பெற்றது. அவ்வாதத்தைப் பெயர் தாங்குமா என்பது ஆராயத்தக்கது.

இருக்கு வேதத்தின் பழம்பகுதிகளில் 'அசுர' என்பது இனப்பெயரன்று. தலைமையும் ஆற்றலும் உடையோரைச் சுட்டும் அடைமொழியாகும். வருணன், இந்திரன், அக்கினி முதலிய தெய்வங்களே அதனால் சிறப்பிக்கப்பெறுகின்றனர். மூன்றாம் மண்டலத்தின் 55ஆம் பாடல், தேவர்களின் அசுரத்தன்மையையே ஒவ்வொரு செய்யுளின் இறுதியிலும் போற்றுகிறது. பாரசீக அவெத்தாவில் இதன் இணைச்சொல்லாகிய 'அகுர' முழுமுதற் கடவுளின் பெயரில் இடம்பெற, 'தேவ' என்பதன் இணைச்சொல்லாகிய 'தைவ' இழிபொருள் எய்தியது. ஒருமூலச் சொற்கள் இருவேறு மரபுகளில் எதிரெதிர்ப் பொருள் பெற்றமை நோக்கத்தக்கது.

பிராமண நூல்களில் அசுரர் தேவரோடு போரிடும் அணியினராக நிலைபெறுகின்றனர். முதலெழுத்தாகிய அகரம் எதிர்மறை முன்னொட்டாகக் கொள்ளப்பெற்று, அதனை நீக்கிச் 'சுரர்' என்னும் சொல் பின்னர்ப் படைக்கப்பெற்றது. வான்மீகத்தின் பாலகாண்டம் இதற்கொரு கதையும் தருகிறது. பாற்கடலில் தோன்றிய வாருணியை ஏற்றோர் சுரர், ஏலாதோர் அசுரர். பிழைபட்ட பிரிப்பே இங்குக் கதைக்கு வித்தாகிறது. பெயர்க்குக் காரணம் கூறும் கதை அப்பெயரின் வரலாறாகாது என்பதற்கு இது தக்க சான்று.

சங்க இலக்கியத்தில் இடம்பெறும் வடிவம் 'அவுணர்' என்பதாகும். பதிற்றுப்பத்தும் திருமுருகாற்றுப்படையும் அவுணரின் மாமரத்தை முருகன் தடிந்த செய்தியைக் கூறுகின்றன. ஞாயிற்றை அவர் மறைத்தமையைப் புறநானூற்றின் 174ஆம் பாடல் குறிக்கிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் பல, அவுணரை வென்ற தெய்வங்களின் ஆடல்களே. இவ்விடங்களில் அவுணர் தெய்வ வெற்றியை விளக்கும் எதிர்நிலையினர். தமிழ்க்குடியினராக அவர் யாண்டும் சுட்டப்பெறவில்லை. எனவே அசுரரைத் திராவிடராகக் காணும் கொள்கைக்குத் தமிழின் தொன்மைச் சான்றுகளும் துணைநிற்கவில்லை. அக்கொள்கையின் ஆற்றல் சொல்லாராய்ச்சியில் இல்லை. இழிவுப்பெயரை ஏற்று அதனைப் பெருமையாக மாற்றிய சமூக அறத்தில் உள்ளது.

சார்க்கண்டு மாநிலத்தில் இப்பெயரைத் தாங்கி வாழும் அசுர் பழங்குடியினரைக் கொண்டு இவ்வேறுபாட்டினைத் தெளியலாம். இரும்புருக்கும் மரபினராகிய இவர்தம் மொழி முண்டா கிளையைச் சார்ந்தது, திராவிட மொழியன்று. மகிடாசுரனைத் தம் முன்னோனாகக் கருதித் துர்க்கை விழாநாள்களில் துயர் காப்போர் இவருள் உளர். வேதத்து அடைமொழியை இவர்தம் குலப்பெயராகக் காட்டுவது ஆய்வுக்குப் பொருந்தாது. சொற்பிறப்பைக் காட்டி இவர்தம் துயரை மறுப்பதும் பொருந்தாது.

பெயரின் வரலாறு வேறு. அப்பெயரால் சுட்டப்பெறும் மக்களின் வரலாறு வேறு. முன்னதைச் சொற்சான்றுகளாலும் பின்னதை அம்மக்களின் வாழ்வாலும் வாய்மொழியாலும் ஆராய்வதே முறையாகும். இரண்டனையும் ஒன்றாக்கும் திறனாய்வு, வாருணிக் கதையைப் போலவே, பெயருக்கு மற்றுமொரு கதை புனைவதாகவே அமையும்.