பகிடிக்கு இலக்கணம் பார்ப்பவர்கள்

எங்கள் இலக்கியக் கூட்டங்களில் ஒரு நகைச்சுவைக் கதை வாசிக்கப்பட்டால், சிரித்த வாய் மூடுமுன் திருத்தம் வந்துவிடுகிறது. ஒற்று மிகுமா, மிகாதா? அது வழக்கா, வழுவா? இந்தப் பழக்கம் ஊரிலிருந்து எங்களோடு வந்தது.

இலக்கணம் தெரிந்தவர்களுக்குப் பகிடி தெரியாது என்று நாங்கள் சொல்லவில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இதே இலண்டனில்தான் 1930களில் ஏழாம், எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். விகுதி விகுதியாகத் தமிழைப் பார்த்த மனிதர். அவருடைய 'நானாடகம்' 1940இல் வெளிவந்தது. 'உடையார் மிடுக்கு', 'நாட்டவன் நகர வாழ்க்கை' முதலிய அந்த நாடகங்களில் ஆட்கள் யாழ்ப்பாணத்து முற்றத்திலும் வேலியோரத்திலும் கதைக்கிற மாதிரியே கதைக்கிறார்கள். உடையாரைச் செந்தமிழ் பேசவைத்திருந்தால் மிடுக்கு மிடுக்காகவே நின்றிருக்கும். பேச்சில் வந்தபடியால் அது சிரிப்பாயிற்று.

பிறகு 1960களின் தொடக்கத்தில் 'மரபுப் போராட்டம்' நடந்தது. பேச்சுமொழியில் வந்த கதைகளைப் பண்டிதர்கள் சிலர் 'இழிசனர் வழக்கு' என்றார்கள். அந்தச் சொல்லில் இலக்கணம் கால்வாசி, சாதி முக்கால்வாசி. யாழ்ப்பாணத்தில் சவரத்தொழில் செய்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றிருந்த காலம் அது. இவர்களெல்லாம் எழுதுவதா என்று கேட்க வெட்கப்பட்டவர்கள், இப்படியெல்லாம் எழுதுவதா என்று கேட்டார்கள். பண்டிதர்களை முற்றாக ஒதுக்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை. ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு இலக்கணம்தான் கண். ஆனால் ஏட்டைத் திருத்துகிற கண்ணால் பகிடியைப் பார்க்கமுடியாது. எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்தது தொல்காப்பியம்தானே!

அண்மையில் கிழக்கு இலண்டனில் ஒரு கூட்டம். எங்களைப் போல ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற பெடியன் ஒருவன் கதை வாசித்தான். வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் கோக்கியார் கேட்கிறார்: "தம்பி, கறி வைக்கத் தெரியுமோ?" "தெரியும் அண்ணை, எங்கை வைக்கிறது?" சபை சிரித்தது. பெரியவர் ஒருவர் எழும்பினார். 'சமைக்க' என்றல்லவோ எழுதவேண்டும், 'எங்கை' என்பது கொச்சை என்றார். 'சமைக்க' என்று மாற்றினால் பெடியனின் பதில் எங்கே போய் நிற்கும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். முக்கால் மணித்தியாலம் அதிலேயே கழிந்தது.

அந்தக் கதையில் இன்னோர் இடம் இருந்தது. காலையிலிருந்து சாப்பிடாத அவன், யாரோ மிச்சம்விட்ட தட்டோடு குப்பைவாளிக்கு மேலே குனிந்து நிற்கிறான். கோக்கியார் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிறான். அதைப்பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது, மண்டபத்தைப் பூட்டவேண்டும் என்றார்கள்.