ஒடியா மொழியில் வினா: கைநூல்கள் காணாத இலக்கணம்

ஒரு மொழி தனிமொழியா, பிறிதொரு மொழியின் கிளையா என்பதை எதைக் கொண்டு தீர்ப்பது? சொற்களின் தொகையைக் கொண்டா? அச்சொற்களை இயக்கும் முறையைக் கொண்டா? இக்கேள்வி ஒடிசாவில் ஒரு காலத்தில் வெறும் புலவர் விவாதமாக இருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் எந்த மொழிப் புத்தகத்தைக் கையில் எடுப்பது என்பதையே தீர்மானிக்கும் வழக்காக இருந்தது.

1870-ஆம் ஆண்டில் பாலசோர் நகரில் ஆசிரியராக இருந்த காந்திசந்திர பட்டாசாரியர் என்பார், ஒடியா தனிமொழி அன்று என்று பொருள்படும் தலைப்பிட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒடியா என்பது வங்கமொழியின் திரிபே, ஆதலால் பள்ளிகளில் வங்கமொழிப் பாடநூல்களே போதும் என்பது அக்கட்சியாரின் வாதம். அதே ஆண்டில் பாலசோர் மாவட்ட அதிகாரியாக இருந்த ஜான் பீம்ஸ் இதனை மறுத்தார். வட இந்திய மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1872 முதல் 1879 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட அறிஞர் இவரே. பகீர் மோகன் சேனாபதி பாடநூல் எழுதி ஒடியாவைக் காத்தார். வங்கக் குடும்பத்தில் தோன்றிய கௌரிசங்கர ராயர், 1866-இல் தொடங்கிய தமது 'உத்கல தீபிகா' இதழில் ஒடியாவின் பக்கமே நின்றார். ஆகவே இதனை இரண்டு இனத்தாரின் பகையாகக் கொள்வது பிழை. மொழியை நோக்கும் இருவேறு முறைகளின் மோதல் என்று கொள்வதே பொருந்தும்.

வென்றது எது என்பதை வரலாறு கூறும். 1936 ஏப்ரல் முதல் நாள் ஒரிசா தனி மாகாணமாயிற்று. அதுவரை சென்னை மாகாணத்தில் இருந்த கஞ்சம் முதலிய ஒடியாப் பகுதிகளும் அதனோடு சேர்ந்தன. 2011-இல் மாநிலத்தின் பெயர் ஒடிசா என்றும் மொழியின் பெயர் ஒடியா என்றும் திருத்தப்பட்டன. 2014-இல் அது செம்மொழித் தகுதி பெற்றது. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 3.75 கோடிப் பேர்.

வழக்கு தீர்ந்தது. ஆனால் அவ்வழக்கை உண்டாக்கிய நோக்கு இன்னும் தீரவில்லை என்பதே இக்கட்டுரையில் யான் சொல்ல விரும்புவது. மொழியைச் சொற்பட்டியலாகக் காணும் அதே நோக்கு, இன்று ஒடியாவைக் கற்பிக்க வரும் கைநூல்களிலும் குடிகொண்டிருக்கிறது. அதனை வினா என்னும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு காட்டுவேன்.

பட்டியலின் குறை

ஒடிசாவிலிருந்து தமிழ்நாட்டிற்குத் தொழில் தேடி வருவோர் பெருகியுள்ள இக்காலத்தில், தமிழ்வழி ஒடியா கற்பிக்கும் கைநூல்களுக்குத் தேவை உண்டு. அத்தகைய நூல்கள் பொதுவாக வினாவை ஒரே பக்கத்தில் முடித்துவிடுகின்றன. யார் என்றால் 'கியே', என்ன என்றால் 'கண', எங்கே என்றால் 'கேஉண்டி', ஏன் என்றால் 'காஹிங்கி', எப்படி என்றால் 'கேமிதி', எவ்வளவு என்றால் 'கேதே'. இறுதியில், 'கி' என்பது நம் ஆகார வினாவுக்குச் சமம் என்று ஒரு வரி. அவ்வளவே. (இச்சொற்களில் வரும் மூக்கொலியையும் மூச்சொலியையும் நம் எழுத்தால் முழுதும் காட்ட இயலாது. எழுத்தில் 'கண' என்று வருவது பேச்சில் 'கொணொ' என்பதை ஒட்டி ஒலிக்கும்.)

இப்பட்டியல் பொய்யன்று. சந்தையிலும் பேருந்திலும் உதவக் கூடியதே. ஆயினும் பட்டியலை மட்டும் நோக்குபவன், 1870-ஆம் ஆண்டுச் சிறுநூலார் நின்ற இடத்திலேயே நிற்பான். வங்கத்தில் யார் என்பது 'கே', ஒடியாவில் 'கியே'. எவ்வளவு என்பது அங்கே 'கொதோ', இங்கே 'கேதே'. இவ்விரண்டையும் பார்த்தவுடன் இரண்டும் ஒன்றே என்று சொல்லத் தோன்றும். ஏன் என்பது அங்கே 'கேனோ', இங்கே 'காஹிங்கி'. எப்பொழுது என்பது அங்கே 'கொகொன்', இங்கே 'கேதேபேளே' என்று கண்டால் வேறு என்று சொல்லத் தோன்றும். பட்டியலைக் கொண்டு இரு பக்கமும் வாதிடலாம். தீர்ப்பு வேறிடத்தில் இருக்கிறது.

'கி' நிற்கும் இடம்

வங்கமொழியில் என்ன என்பதற்கும், ஆம் இல்லை என்று விடை வேண்டும் வினாவுக்கும் ஒரே ஒலி பயன்படுகிறது. 'துமி கி காபே' என்றால் 'நீ என்ன உண்பாய்' என்றும் கொள்ளலாம். 'நீ உண்பாயா' என்றும் கொள்ளலாம். குரலின் ஏற்றமே பொருளைப் பிரிக்கும். எழுத்திலாவது பிரியட்டும் என்று ஒன்றைக் குறிலாகவும் மற்றொன்றை நெடிலாகவும் எழுதும் வழக்கம் அங்கே ஏற்பட்டது.

ஒடியாவில் இவ்விரு வேலைகளுக்கும் இரண்டு சொற்கள் உண்டு. 'துமே கண காஇப' என்பது நீ என்ன உண்பாய். 'துமே காஇப கி' என்பது நீ உண்பாயா. பின்னதில் 'கி' வினைக்கும் பின்னே, வாக்கியத்தின் வாயிலில் நிற்பதைக் காண்க. வங்கத்தில் அது பெரும்பாலும் எழுவாயை அடுத்து நடுவில் நிற்கிறது. சொல் ஒன்றே, நிற்கும் இடம் வேறு, எனவே செய்யும் தொழிலும் வேறு. சொற்பட்டியலில் தோன்றாத வேற்றுமை இது. ஒரு மொழியின் தனித்தன்மை இத்தகைய இடங்களிலேதான் உறைகிறது.

இனி, 'கி' என்பது நம் ஆகாரத்துக்குச் சமமா எனப் பார்ப்போம். 'வந்தாரா' என்பதற்கு 'ஆஸிலே கி' என்பது பொருந்துகிறது. ஆனால் தமிழில் ஆகாரம் எந்தச் சொல்லோடும் ஒட்டும். 'அவரா நேற்று வந்தார்', 'அவர் நேற்றா வந்தார்', 'அவர் நேற்று வந்தாரா' என மூன்று வகையாகக் கேட்கலாம். ஐயம் எதன்மேல் உள்ளதோ அதனை ஆகாரம் பற்றிக்கொள்ளும். ஒடியாவில் 'கி' பொதுவாக இறுதியிலேயே நிற்க, எச்சொல்லின்மேல் ஐயம் என்பதைக் குரலின் அழுத்தமே பெரும்பாலும் காட்டுகிறது.

'தேநீரா காப்பியா' என்று நாம் ஆகாரத்தை இருமுறை இடுகிறோம். ஒடியர் 'சா கி கபி' என்று ஒருமுறை நடுவில் வைப்பதோடு அமைவர். அங்கே 'கி' என்பதற்கு 'அல்லது' என்று பொருள். இதனை உணர்ந்தால் மற்றொரு நுட்பமும் விளங்கும். 'ஆஸிலே நாஹி கி' என்றால் 'வரவில்லையா' என்பது. 'ஆஸிலே கி நாஹி' என்றால் 'வந்தாரா இல்லையா' என்பது. முன்னது வியப்போடு கேட்பது. பின்னது கண்டிப்போடு கேட்பது. இரண்டே சொற்கள் இடம் மாறின. கேட்பவரின் முகபாவமே மாறிவிட்டது. 'கி என்றால் ஆ' என்று மனப்பாடம் செய்த மாணவன் இங்கே என்ன செய்வான்?

'கண', 'த' என்னும் இரண்டு

'கண' என்பதும் 'என்ன' என்ற ஒரு பொருளோடு நிற்பதில்லை. 'துமே கண ஜிப நாஹி' என்றால், 'என்ன, நீ போகமாட்டாயா' என்பது கருத்து. நாமும் 'என்ன, போகவில்லையா' என்று பேசுகிறோம் அல்லவா? அதே போக்கு. மலாய்மொழியில் 'அப்பா' என்னும் வினாச்சொல்லும் இவ்வாறே இரு தொழில் செய்வதை நம் நாட்டு வாசகர்கள் அறிவர். மாணவன் தான் அறிந்த மொழிகளிலிருந்து அறியாத மொழிக்குச் செல்ல இதைவிட நல்ல பாலம் வேண்டுமா? கைநூல்களோ இப்பாலத்தைக் கட்டுவதில்லை.

'பல அசந்தி த' என்றால் 'நலமாக இருக்கிறீர்கள்தானே' என்பது. இங்கே 'த' என்னும் ஓரெழுத்து, 'ஆம்' என்ற விடையை எதிர்பார்த்து நிற்கிறது. 'பல அசந்தி கி' என்றால் விடை எதுவாகவும் இருக்கலாம். நோயாளியைக் காணச் செல்பவர் எதனைச் சொல்ல வேண்டும் என்பது மொழியறிவு மட்டுமன்று, பண்பாட்டறிவுமாகும்.

மரியாதையும் வினாவும்

ஒடியாவில் முன்னிலைக்கு 'து', 'துமே', 'ஆபண' என மூன்று படிகள் உள்ளன. 'எங்கே போகிறாய்' என்று சிறுவனிடம் கேட்கையில் 'து குஆடே ஜாஉசு'. ஒத்தவரிடம் 'துமே குஆடே ஜாஉச'. பெரியவரிடம் 'ஆபண குஆடே ஜாஉசந்தி'. வினாச்சொல் மாறவில்லை, வினைமுற்று மாறுகிறது. படர்க்கையிலும் அப்படியே. 'கியே ஆஸிசி' என்றால் யார் வந்திருக்கிறான். 'கியே ஆஸிசந்தி' என்றால் யார் வந்திருக்கிறார்கள் என்பது. வந்தவர் யாரென்று தெரியாத நிலையிலும் அவருக்கு மதிப்புக் கொடுத்துக் கேட்கலாம் என்பது இதன் சிறப்பு. ஒரே படியில் மட்டும் வினாக்களைத் தரும் நூலைப் படித்துவிட்டுப் பேசப் போகிறவன், சிறுவனிடம் கைகட்டி நிற்பான். அல்லது முதியவரை ஏக வசனத்தில் அழைத்து வெறுப்பைச் சம்பாதிப்பான்.

ககரமும் ஜகரமும்

தமிழன் பெரிதும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. 'எவன் உழைக்கிறானோ அவன் உண்பான்', 'எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடு' என்று வினாவல்லாத இடத்தும் நாம் எகர வினாச்சொற்களையே ஆள்கிறோம். ஒடியாவில் இது செல்லாது. வினாவுக்குக் ககரம், இணைப்புக்கு ஜகரம், சுட்டுக்கு ஸகரம். 'கேதே' எவ்வளவு என்னும் வினா, 'ஜேதே' எவ்வளவோ என்னும் இணைப்பு, 'ஸேதே' அவ்வளவு. அவ்வாறே 'கேமிதி, ஜேமிதி, ஸேமிதி'. இம்மூன்று வரிசைகளையும் ஒரு கட்டத்தில் எழுதிக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளையும் அரைமணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும். இது வடமொழி வழிவந்த பல மொழிகளுக்கும் பொது. ஆயினும் தமிழ்வழிக் கற்பிக்கும் நூலொன்று இதனை விடுவது, தன் மாணவன் யார் என்பதையே மறந்துவிடுவதாகும்.

நன்னூலார் காட்டும் வழி

வினாவை ஆறு வகையாக்கினார் நன்னூலார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. இப்பகுப்பு சொல்லின் வடிவத்தைப் பற்றியதன்று. கேட்பவரின் உள்ளக் கருத்தைப் பற்றியது. ஆகவே அது எம்மொழிக்கும் பொருந்தும். ஒடியாவில் வைத்துப் பார்ப்போம்.

'ஏஹார அர்த்த கண' என்றால் 'இதன் பொருள் என்ன' என்பது. ஆசிரியர் மாணவனைக் கேட்டால் அறிவினா. மாணவன் ஆசிரியரைக் கேட்டால் அறியாவினா. 'தஉடி கி ஸாப' என்பது 'கயிறோ பாம்போ' என்னும் ஐயவினா. கடையில் 'டாலி அசி கி' என்று பருப்பு உண்டா எனக் கேட்பது கொளல்வினா. 'துமர பஹி நாஹி கி', அதாவது 'உன்னிடம் புத்தகம் இல்லையா' என்று கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது கொடைவினா. தாய் மகனைப் பார்த்து 'படிலு கி', அதாவது 'படித்தாயா' என்பது ஏவல்வினா. இவற்றுள் நான்கில் ஒரே 'கி' வந்தது. ஆனால் ஒன்று ஐயம், ஒன்று வேண்டுதல், ஒன்று ஈகை, ஒன்று ஏவல். வடிவத்தை மட்டும் கற்பித்துக் கருத்தை விட்டுவிட்டால், மாணவன் மொழியின் எலும்பைப் பெறுவான், உயிரைப் பெறான்.

செய்ய வேண்டுவது

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் புகட்டப்படுவது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பதே. தமிழ்வழி ஒடியா நூல் எழுதுவோர் இதனைக் கைக்கொள்ளல் வேண்டும். 'உங்கள் பெயர் என்ன' என்பது ஒடியாவில் 'ஆபணங்க நாம கண'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. நடுவில் வினைச்சொல்லும் வேண்டுவதில்லை. இத்தகைய ஒற்றுமைகளை முதலில் தருக. அடுத்து, 'கி' நிற்கும் இடத்தால் வரும் வேற்றுமைகளைத் தருக. பின்னர் மரியாதைப் படிகளையும் ககர ஜகர வரிசைகளையும் தருக. பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் வைத்தால் போதும்.

மொழி கற்பிப்போருக்கு இது கைத்திறன் பற்றிய செய்தி. ஆனால் 1870-இல் பாலசோரில் நடந்ததை எண்ணுவோருக்கு அதற்கும் மேற்பட்டது. ஒரு மொழியைச் சொற்குவியலாகக் கண்டவர்கள் அதனை வேறொரு மொழியின் கணக்கில் எழுதிவிடத் துணிந்தார்கள். அம்மொழியின் இயக்கத்தைக் கண்டவர்களால் அது பிழைத்தது. பள்ளிக்கு வரும் குழந்தை பெயர்ச்சொற்களை எங்கிருந்தும் வாங்கிக்கொள்ளும். நம் குழந்தைகளும் மலாயிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் நாள்தோறும் வாங்குகின்றன. அதனால் தமிழ் அழிந்துவிடாது. ஆனால் ஐயம் எழும்போது அக்குழந்தை எம்மொழியின் முறையில் கேட்கிறதோ, அதுவே அதன் சொந்த மொழி. கேட்கும் முறையைக் காத்துக்கொடுப்பது பள்ளியின் கடமை. அதனைச் செவ்வையாகக் காட்டுவது இலக்கண நூலின் கடமை.